ஒண்ணு, ரெண்டு, மூணு, தண்ணி வந்துடுச்சு, நாலு

மகளே,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஸலாம். 'இங்கே யாவரும் நலம், அங்கே நலமறிய ஆவல்' என்று எழுதிப் பழகிய கை இது. சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டிய காலமெல்லாம் ஒவ்வொரு கடிதத்தையும் அந்த வரியில்தான் தொடங்கினேன். அதில் பாதி பொய். இந்தத் தடவை அதை எழுதப்போவதில்லை. பதறாதே, உன் பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றும் கிடையாது. வேளைக்குச் சாப்பிடுகிறான். சமைக்க வருகிற ராசாத்தி அசந்த நேரம் பார்த்து அடுப்படியில் வெல்லத்தைத் திருடுகிறான், தயிரைக் கண்டால் ஓடுகிறான். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நலமில்லை என்று நான் சொல்வது வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ துபாயிலிருந்து சொன்னாயே, "ஆதில் இன்னும் ரெண்டு வருஷம் உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தா. எல்கேஜி, யுகேஜி அங்க முடிச்சிட்டு வந்தான்னா இங்க அட்மிஷன் சுலபமாக் கெடைக்கும். நல்லாத்தானே படிக்கிறான்?" என்று. நானும் "சரிம்மா, பாத்துக்கலாம்" என்றேன். அந்தச் 'சரி'யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இத்தனை தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையை நீ இப்போதே அழைத்துக்கொள்ள வேண்டும். விஷயம் இவ்வளவுதான். போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பாய். போனில் நீயும் நானும் ரொம்ப நல்லவர்கள். நீ "சாப்பிட்டீங்களா அத்தா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பாய், எனக்கு நெஞ்சு கரைந்துபோகும், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வைத்துவிடுவேன். எத்தனை தடவை அப்படி ஆகிவிட்டது! எழுதினால்தான் எனக்குக் கோபம் தங்கும். எழுதியதில் ஒரு நகலை நம் ஜமாஅத் ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். நம் பெயர் எதுவும் இருக்காது. நம் தெருவிலேயே வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பிள்ளை வளர்கிறது. இது யார் வீட்டுக் கதை என்று அவரவர் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

நம் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணிச் சட்டி காலியான பிறகு யாராவது ஒருத்தர் கட்டாயம் எடுத்துவிடுகிற கதை உனக்கு மனப்பாடம். "டேப்ரிகார்டர அத்தான்னு கட்டிக்கிட்டுக் கெடந்த புள்ள இவதான்!" உன் நிக்காஹ் அன்றுகூட மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டார்கள். நீ முக்காட்டுக்குள் சிரித்தாய், நானும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன். உனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிரிப்புக் கதைதான். சிரிப்பை எடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை சொல்கிறேன், கேள்.

நான் விமானம் ஏறியபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். உன் அம்மா பால்வாடி டீச்சர். பாபநாசம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் ஓடு போட்ட கட்டடம், வாசலில் ஒரு பூவரச மரம். நடவு, களையெடுப்பு என்று பொம்பளைகள் வயலில் இறங்கிவிட்டால் பிள்ளைகள் பூராவும் அவளிடம்தான். சத்துமாவு உருண்டையைக் கொடுத்து, மதியம் சோறு போட்டு, தூங்கவைத்துப் பொழுதைத் தள்ளினால் கேட்பாரில்லை. அவள் தள்ளமாட்டாள். புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் கலந்து குவித்துவிட்டுப் பிரிக்கச் சொல்வாள். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்கால் களிமண்ணை அள்ளிவந்து, "ஒங்க வூட்டுல யாரு யாரு இருக்கா, பண்ணு பாப்பம்" என்பாள். பெரிய டப்பா, சின்ன டப்பா, ஓட்டை டப்பா எல்லாம் கொடுத்துத் தண்ணீரை மொண்டு ஊற்ற விடுவாள். "என்னா டீச்சர், புள்ளைய தொப்பலா நனைச்சு அனுப்புறீங்க?" என்று யாராவது சண்டைக்கு வந்தால், "எது நெறையுது எது வழியுதுன்னு ஒம்மவன் கண்டுக்கிட்டான். சட்டை காஞ்சிடும், போ" என்பாள். வீட்டுக்குப் போன பிறகும் சும்மா விடாதே என்பாள். மொச்சை உரிக்கக் கொடு, துணி மடிக்கக் கொடு, சொம்பில் எத்தனை டம்ளர் தண்ணீர் பிடிக்கிறது என்று ஊற்றிப் பார்க்கச் சொல் என்று தாய்மார்களுக்கு வேறு பாடம் நடத்துவாள். நீ அவள் இடுப்பில் இருந்துகொண்டே அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு அந்த யோசனை வந்தது. எழுதினாள்: "புள்ளைக்கு நான் சொல்லிக் குடுக்குறத நீங்க சொல்லிக் குடுங்க. கேசட்ல பேசி அனுப்புங்க. ஒண்ணு ரெண்டு, கலரு, பறவ பேரு, கதை, எல்லாம் ஒங்க கொரல்ல கேட்டுப் படிக்கட்டும். அத்தாவ மறக்க மாட்டா." அந்தக் காலத்தில் நம் ஊரில் எல்லோரும் கேசட்டில்தான் பேசிக்கொண்டோம். லீவில் போகிறவன் பெட்டியில் சென்ட் பாட்டிலோடும் கோடாலித் தைலத்தோடும் பத்து வீட்டுக் கேசட்டு இருக்கும். மற்றவர்கள் அதில் அழுதார்கள், மாமியாரைத் திட்டினார்கள். நான் மட்டும் பாடம் நடத்தினேன். ஒரு அறையில் ஆறு பேர், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் போர்வைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு, காக்கா மாதிரிக் கத்திக் காட்டி, குயில் மாதிரிக் கூவிக் காட்டிப் பதிவு செய்வேன். கீழே படுத்திருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். குளியலறையில் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும். ஒரு நாள் நான் மூணு சொல்லி முடிக்கிற நேரத்தில் பேராவூரணிக்காரன் கமால் கதவைத் திறந்து, "டேய், தண்ணி வந்துடுச்சு!" என்று கத்தினான். அழித்துவிட்டு மறுபடி பேச எனக்குப் பொறுமை இல்லை. அப்படியே நாலு, அஞ்சு என்று தொடர்ந்து அனுப்பிவிட்டேன்.

நீ அதை அப்படியே படித்துவிட்டாய். பால்வாடிக்குச் சூப்பர்வைசர் அம்மா வந்த அன்று உன்னைத்தான் முதலில் நிறுத்தினாளாம் உன் அம்மா. "ஒண்ணு, ரெண்டு, மூணு, டேய் தண்ணி வந்துடுச்சு, நாலு, அஞ்சு" என்று கைகட்டி நின்று சொன்னாயாம். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். உன் அம்மா அதை ஒரு கேசட்டில் பேசி அனுப்பினாள். அதன் பின்னால் உன் குரலும் இருந்தது. எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டினேன் தெரியுமா! அறைக்கு யார் வந்தாலும் டீயும் உன் குரலும்தான். வண்டியில், வெயிலில், கேம்ப்பில், எங்கே இருந்தாலும் என் மகள் என்னிடம் படிக்கிறாள் என்கிற ஒரே பெருமையில் அந்த வருஷங்களை ஓட்டினேன்.

பிறகு லீவில் வந்தேன். திருச்சி விமான நிலையத்தில் ரோஸ் கலர் கவுன் போட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா நின்றாள். "யாரு வந்துருக்கா பாரு! அத்தா!" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். மீசையைப் பார்த்தாய். வீறிட்டு அழுதாய். வேன் தஞ்சாவூரைத் தாண்டுகிற வரைக்கும் அழுகை நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடி, அலமாரியில் இருந்த டேப்ரிகார்டரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "இதுதான் எங்க அத்தா, இதுதான் எங்க அத்தா" என்றாய். வீடு கொள்ளாத சிரிப்பு. கல்யாணக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

ஒரு வாரம் நீ என் பக்கத்தில் வரவில்லை. சாக்லேட் காட்டினேன், கண் திறந்து மூடுகிற பொம்மை காட்டினேன். ம்ஹூம். ஒரு மத்தியானம் கட்டிலறையில் சட்டை மாற்றிக்கொண்டே யாரையோ கூப்பிட்டேன். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நீ வந்து நின்றாய். திரைக்குக் கீழே உன் கால் விரல்கள் தெரிந்தன. எனக்கு என்னவோ தோன்றியது, மெதுவாக, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றேன். "தப்பு! தண்ணி வந்துடுச்சு சொல்லல" என்றாய். மூன்று வருஷத்துக்கப்புறம் என் மகள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. தண்ணி வந்துடுச்சையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்தாய். திரையை விலக்கினேன், அலறிக்கொண்டு ஓடினாய். அவ்வளவுதான், எனக்கு வழி தெரிந்துவிட்டது. லீவு முடிகிற வரைக்கும் தினமும் திரைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்துகொள்வேன், அந்தப் பக்கம் நீ உட்கார்ந்துகொள்வாய். காக்கா, குயில், நரிக் கதை எல்லாம் நடக்கும். வெயிலில் கறுத்து, முடி கொட்டி, பெட்டி நிறைய சாமான் கட்டிக்கொண்டு வந்த ஆம்பளை, சொந்த வீட்டில், சொந்த மகளுக்கு, துணிக்குப் பின்னால் உட்கார்ந்து கதை சொன்னேன். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள், "எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேங்க, ஆளத்தான் விட்டுட்டேன்" என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கிளம்பின அன்று நீ அழவில்லை. அடுத்த மாதம் டேப்ரிகார்டருக்குள் பெல்ட்டு அறுந்தபோது மூன்று நாள் சோறு தின்னாமல் அழுதாய் என்று எழுதியிருந்தாள்.

சின்ன வயசு, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். எது சரியாயிற்று சொல். நீ பத்தாவது படிக்கும்போது நான் ஒரேயடியாக ஊருக்கு வந்தேன். மரியாதையில் ஒரு குறை வைக்கமாட்டாய். "வாங்கத்தா, சொல்லுங்கத்தா." நான் கூடத்தில் உட்கார்ந்தால் நீ அடுப்படிக்குப் போவாய், அடுப்படிக்கு வந்தால் மாடிக்குப் போவாய். தஞ்சாவூரில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாய் பார், அன்றிலிருந்து தினமும் போன். ஹாஸ்டல் சாப்பாடு, தோழி சண்டை, பரீட்சை பயம், எல்லாம் கொட்டுவாய். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் வாயில் கொழுக்கட்டை. மாடியில் இருந்துகொண்டு கீழே இருக்கிற எனக்கு 'தலைவலி அத்தா, சாப்பாடு வேண்டாம்' என்று எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறாய். போன வருஷம் உன் அம்மா மவுத்தான அன்று போனில் எப்படி அழுதாய்! அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் உன் அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நானும் அழுதேன். மூன்றாம் நாள் நேரில் வந்தாய். என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் உன்னைப் பார்த்தேன், நீ தரையைப் பார்த்தாய். "சாப்பிட்டீங்களா அத்தா?" என்றாய். "ஆச்சும்மா" என்றேன். பெத்த தாயைப் பறிகொடுத்தவளும் கட்டினவளைப் பறிகொடுத்தவனும் அதற்குமேல் பேச ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தோம். அந்தத் திரை இன்னும் கழற்றப்படவில்லை மகளே. நம் இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. எனக்கு வயசாகிவிட்டது, இனி அதைக் கழற்ற நான் மெனக்கெடப் போவதில்லை. ஆனால் அந்தப் பயலுக்கும் ஒன்று மாட்டுகிறாயே, அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆதிலை நீ விட்டுப்போனபோது அவனுக்கு ஒன்றரை வயசு. உன் அம்மா இருந்தவரைக்கும் நான் கவலைப்படவில்லை. நன்னி நன்னி என்று அவள் பின்னாலேயே திரிந்தான். அவனுக்கு அவள் முதன்முதலில் வைத்த பாடம் என்ன தெரியுமா? செருப்பு. வாசற்படியில் கிடக்கிற செருப்பையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டு, "ஜோடி சேருடா ராசா" என்பாள். நன்னி செருப்பு, நன்னா செருப்பு, ராசாத்தி செருப்பு என்று சேர்த்துச் சேர்த்து வைப்பான். இடது எது, வலது எது, பெரிசு எது, யாருடையது எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. செருப்புப் போட்டால் வெளியே, கழற்றினால் வீட்டுக்குள்ளே என்பதும் அப்படித்தான் படித்தான். இன்றைக்கும் வாசலில் எவன் செருப்பாவது கோணலாகக் கிடந்தால் அவனுக்குப் பொறுக்காது, குந்தி உட்கார்ந்து சரிசெய்துவிட்டுத்தான் மறுவேலை.

அவள் போன பிறகு உன் பாடம் தொடங்கியது. மாப்பிள்ளை கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கி மாட்டிவிட்டு, "தூசி ஆகாது மாமா, வெறுங்காலோட மட்டும் உள்ள வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் சாயங்காலம் நர்சரி வேனில் வந்து இறங்கியதும் பயலுக்கு முகம் கழுவி, "செருப்பக் கழட்டிட்டு வாடா, அம்மாகிட்ட போலாம்" என்று நான்தான் கூட்டிப்போய் நாற்காலியில் ஏற்றுகிறேன். நீ அட்டை அட்டையாகக் காட்டுகிறாய். ஆப்பிள், பால், கேட். அவன் சொல்கிறான். ஏ முதல் இஸட் வரை சொல்கிறான், ஐம்பது வரை எண்ணுகிறான், ரெக்டாங்கிள் என்கிறான். அலுத்துக் களைத்து வேலையிலிருந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் நீ உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது எனக்குத் தெரிகிறது. உன்மேல் குறை சொல்ல வாய் வரவில்லை. உன் அம்மா நடத்தியதைவிட நீ நடத்துவது சுத்தம். நான் போர்வைக்குள் நடத்தியதைவிட எவ்வளவோ மேல், முகமும் தெரிகிறது. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

போன வாரம் நர்சரியிலிருந்து ஆதிலின் மிஸ் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சின்னப் பெண், உன்னைவிட வயசு குறைவு. "பாய், தப்பா எடுத்துக்காதீங்க" என்று இழுத்தார். "சும்மா சொல்லும்மா" என்றேன். "ஒங்க வீட்டுல யாருக்காச்சும் வலிப்பு, வாதம் அந்த மாதிரி இருக்கா?" "ஏம்மா, புள்ளைக்கு என்னா?" என்றேன். "இல்ல பாய், ஆதில் நல்லாத்தான் இருக்கான். வெள்ளிக்கிழமை வீடு வெளையாட்டு வெளையாட விடுவோம். ஒருத்தர் அப்பா, ஒருத்தர் அம்மா, ஒருத்தர் பாப்பா. இவன் எப்பவும் நான்தான் அம்மாங்கிறான். வந்து உக்காந்து 'கேக்குதா? தெரியுதா?' அப்டிங்கிறான். ரெண்டு வார்த்தை பேசுறான். அப்புறம் வாயத் தொறந்தபடி, கைய ஒசத்துனபடி அப்படியே வெறச்சுப் போயிடுறான். கூப்பிட்டா அசையிறது இல்ல. மத்த பிள்ளைங்க பயந்து அழுவுதுங்க. என்னடா பண்றேன்னு கேட்டா, 'அம்மா நின்னுட்டாங்க மிஸ்'ங்கிறான். வீட்டுல யாரையாச்சும் பாத்துச் செய்யிறானோன்னுதான்…"

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. நெட் மக்கர் பண்ணும்போதெல்லாம் திரையில் நீ எப்படி நிற்பாய் என்று தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான்தானே! வாய் பாதி திறந்து, கையில் அட்டையைத் தூக்கியபடி நின்றுபோவாய். அவன் அழமாட்டான், தொந்தரவு செய்யமாட்டான், நீ திரும்ப அசைகிறவரைக்கும் பொறுமையாகக் காத்திருப்பான். என்ன சமர்த்து என்று நினைத்திருந்தேன். அம்மா என்றால் நடுநடுவே நின்றுபோகிற ஒன்று என்று அவன் படித்து வைத்திருக்கிறான். கமால் கத்தியதை நீ நாலுக்கு முன்னால் சேர்த்துக்கொண்டாயே, அதே மாதிரி. மிஸ்ஸிடம் என்ன சொல்வது? "எங்க வூட்டுல யாருக்கும் வலிப்பு இல்லம்மா. இவன் அம்மா துபாயில இருக்கா" என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி பாய், எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். பயலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் என் தோளில் உட்கார்ந்து நாற்றுக்கட்டு ஏற்றிப்போகிற டிராக்டரைப் பார்த்து, "நன்னா, ரெட் கலர்! ரெட் கலர்!" என்று கத்திக்கொண்டு வந்தான். எனக்குக் கண் தெரியவில்லை.

நீ லீவில் வந்திருந்தபோது அவன் ராசாத்தி சேலைக்குள் ஒளிந்துகொண்டதை, "கோவமா இருக்கான் போல அத்தா" என்றாய். கோபம் என்றால் ஆறிவிடும் மகளே. அவனுக்குக் கோபமே இல்லை. ஒரு வாரம் இருந்து, கடைசி நாள்தான் உன் மடியில் வந்து உட்கார்ந்தான். தூங்கும்போதே கிளம்பிவிட்டாய், விழித்திருந்தால் அழுவான் என்று. விடிந்து எழுந்தான், தேடவே இல்லை. சாயங்காலம் நீ கம்ப்யூட்டரில் வந்தாய், "கேக்குதா, தெரியுதா" என்றாய், அவனும் சிரித்துக்கொண்டே ஏ, பி, சி சொன்னான். நான் உனக்கு அதைச் சொல்லவில்லை. நீ அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அழுதுகொண்டிருந்தாய் என்று மாப்பிள்ளை சொன்னார்.

இனி நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். வேலையை விடச் சொல்கிறேன் என்று நினைப்பாய். நான் ஏன் சொல்லப்போகிறேன்? வேலைக்குப் போன பொம்பளைதான் உன்னை வளர்த்தாள், இடுப்பில் வைத்துக்கொண்டே பால்வாடி நடத்தினாள். நீ வேலைக்குப் போ. அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற இடம் இருக்கிறது என்று நீதான் சொன்னாய், அங்கே விடு. காலையில் உன் காலைப் பிடித்துக்கொண்டு அழட்டும், சாயங்காலம் உன் தோளில் சளியைத் துடைக்கட்டும். அட்மிஷன் கிடைக்காது என்பாய். கிடைக்காமல் போகட்டுமே, ஒரு வருஷம் சும்மா இருந்தால் குடியா முழுகிவிடும்? நீ அந்த அட்டைகளைத் தூக்கி அலமாரியில் வை. சமைக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்துப் பட்டாணி உரிக்கக் கொடு. பாதியைச் சிந்துவான், மீதியில் பாதியைத் தின்பான். துவைத்த சாக்ஸையெல்லாம் குவித்துப் போட்டு ஜோடி சேர்க்கச் சொல், அதில் அவன் கெட்டிக்காரன். குளிக்கும்போது சொம்பில் மொண்டு உன் தலையிலேயே ஊற்றட்டும். வேலைக் களைப்பில் எரிந்து விழுவாய், முதுகில் ஒன்று போடுவாய், அப்புறம் நீயே அணைத்துக்கொண்டு அழுவாய். போடு, அழு. அம்மா அசைகிறாள், கத்துகிறாள், தொட்டால் சுடுகிறாள், வேர்வை நாறுகிறாள் என்று அவன் படிக்கட்டும். இந்த வயசில் அதைப் படிக்காவிட்டால் பிறகு எந்த டியூஷனிலும் கிடைக்காது, எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

எங்கே, நான் மட்டும் தனியாக என்ன செய்வேன் என்று யோசிக்காதே. அவன் போய்விட்டால் இந்த வீடு எனக்குக் கபுர்ஸ்தான் மாதிரித்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. சாயங்காலம் அந்த வேன் சத்தம் கேட்காமல் எப்படி இருக்கப்போகிறேனோ. ஆனாலும் அனுப்பத்தான் போகிறேன். என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். விசா மட்டும் நீ எடுத்து அனுப்பு, நானே கொண்டுவந்து உன் கையில் விடுகிறேன். விட்டுவிட்டு ஒரு மாதம் பக்கத்தில் இருக்கிறேன். உன்னைக் கண்டு அலறி என்னிடம் ஓடிவருவான், வரட்டும். உனக்கு நெஞ்சு வெடிக்கும். நான் அதைத் தாங்காமல் ஓடிப்போனேன், நீ ஓடாதே. திரைக்குப் பின்னால் மட்டும் போய் உட்கார்ந்துவிடாதே.

நேற்று கும்பகோணம் போனபோது அவனுக்குப் புதுச் செருப்பு ஒன்று வாங்கிவந்தேன். நீலக் கலர், நடந்தால் கீச்கீச்சென்று சத்தம் வருகிற மாதிரி. இன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு வந்து, மெல்லச் சொல்லிப் பழக்குவோமே என்று, "ஆதிலு, நன்னாவும் நீயும் பெரிய பிளேன்ல அம்மாகிட்ட போகப்போறோம். செருப்பப் போட்டுக்க, போயிப் பாப்பமா?" என்றேன். பயலுக்கு ஒரே சந்தோஷம். நான் குனிந்து வாரை மாட்டிவிட்டேன். கீச்கீச்சென்று வாசலில் இரண்டு சுற்றுச் சுற்றினான். பிறகு என்ன நினைத்தானோ, நின்று என்னைப் பார்த்தான், விவரம் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி. "இல்ல நன்னா. அம்மாகிட்ட போறதுன்னா செருப்பக் கழட்டணும்" என்றான். குந்தி உட்கார்ந்து இரண்டையும் கழற்றி, நன்னி சொல்லிக்கொடுத்தபடி ஜோடியாக வாசற்படியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே ஓடிப்போய் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

விசா அனுப்பு.

அத்தா